நெவில்ஸ் கிராஸில் திரும்பிப் போனவர்

டர்ஹாம் நகரத்தின் மேற்குப் பக்கம், சாலைகள் சந்திக்கும் ஓர் இடத்துக்கு அருகில், இரும்பு வேலிக்குள் ஒரு பழைய கல் சிலுவையின் அடிப்பாகம் மட்டும் நிற்கிறது. 1346 அக்டோபர் 17 அன்று ஸ்காட்லாந்துப் படைக்கும் ஆங்கிலேயருக்கும் அங்கே நடந்த சண்டைக்கு நெவில்ஸ் கிராஸ் போர் என்று பெயர். வரலாற்றில் ஊறிய நண்பர் ஒருவரோடு அந்த மேட்டில் நடந்துகொண்டிருந்தபோது, அவர் வடக்கே கையைக் காட்டி, "ராஜாவை விட்டுட்டு அந்த ஆளு போனது இந்தப் பக்கமாத்தான்" என்றார். அந்த ஆள் ராபர்ட். ஸ்காட்லாந்தின் ஏழாவது ஸ்டீவர்ட். பின்னால் இரண்டாம் ராபர்ட் என்ற பெயரில் அரசரானவர். நண்பர் சொன்னதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. ராபர்ட் அன்று தன் படைப்பிரிவை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார், அவருடைய அரசர் இரண்டாம் டேவிட் முகத்தில் அம்புக் காயத்தோடு பிடிபட்டார். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தோடு அந்த மனிதரை முடித்துவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி எதைப் படித்தாலும் அந்த மேட்டுக்கே வந்து நிற்கிறேன். அவர் அங்கிருந்து போனது சரியா, தவறா, அல்லது இந்தக் கேள்வியையே வேறு மாதிரி கேட்க வேண்டுமா என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஆங்கிலேயரை எதிர்த்து ஸ்காட்லாந்துக்காகப் போராடிய வாலஸையும், அரசர் ராபர்ட் புரூஸையும் அறிந்த அளவுக்கு நம்மில் பலருக்கும் இவரைத் தெரியாது. வீரக்கதைக்கு ஒத்துவராத வாழ்க்கை அவருடையது. பெரும்பகுதி காத்திருப்பிலும், அடுத்தவருக்காக நாட்டைப் பார்த்துக்கொள்வதிலும் கழிந்தது.

மாமனும் அக்கா மகனும்

ஸ்டீவர்ட் என்பது அரசரின் வீட்டையும் அதன் வரவுசெலவையும் மேற்பார்க்கும் பதவி. பிரிட்டனியில் வேர்கொண்டு, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையரில் நிலம் பெற்ற குடும்பத்தின் இளைய மகன் வால்டரை, 12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து அரசர் முதலாம் டேவிட் அந்தப் பதவியில் வைத்தார். பின்னால் நான்காம் மால்கம் அதைப் பரம்பரை உரிமையாக்கினார். ரென்ஃப்ரூவும் பேஸ்லியும் அந்தக் குடும்பத்தின் மையம் ஆயின. ஆறாவது ஸ்டீவர்டான இன்னொரு வால்டர், மீசை முளைக்காத வயதில், புரூஸ் ஆங்கிலேயரை வென்ற பானக்பர்ன் போரில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். 1319இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் எட்வர்டின் முற்றுகையைத் தாங்கிப் பெரிக் நகரத்தைக் காத்தவரும் அவரே. அவருக்குத்தான் புரூஸ் தன் மூத்த மகள் மார்ஜரியைக் கொடுத்தார்.

மார்ஜரியின் கதையை நினைத்தால் நெஞ்சு கனக்கும். சிறுமியாக இருந்தபோது 1306இல் ஆங்கிலேயரிடம் சிக்கினாள். லண்டன் கோட்டையில் கூண்டில் வைக்க ஆணை போட்டு, பிறகு மனம் மாறி, யார்க்ஷையரில் வாட்டன் என்ற ஊர்க் கன்னியர் மடத்தில் அடைத்தார்கள். பானக்பர்னுக்குப் பிறகுதான் விடுதலை. 1315இல் திருமணம். 1316 மார்ச் 2 அன்று ராபர்ட் பிறந்தார். பேஸ்லி அருகே குதிரையிலிருந்து விழுந்து, பிரசவத்திலேயே மார்ஜரி இறந்துபோனாள் என்பது அந்த ஊர் வழிவழியாகச் சொல்லும் கதை. கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய பேஸ்லி மடாலயத்தில் அவளுடையது என்று சொல்லப்படும் கல் உருவம் ஒன்று படுத்த நிலையில் இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும்போது, இந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்தே ஒரு ராஜ்யத்தின் கணக்கில்தான் வளர்ந்திருக்கிறான் என்று எனக்குப் பட்டது.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. 1318இல் புரூஸின் தம்பி எட்வர்ட் அயர்லாந்தில் கொல்லப்பட்டார். அந்த டிசம்பரில் ஸ்கோன் நாடாளுமன்றம், புரூஸுக்கு ஆண் வாரிசு இல்லாமல் போனால் பேரன் ராபர்ட்டே அடுத்த அரசர் என்று சட்டம் செய்தது. அப்போது அவருக்கு வயது 2. 1324 மார்ச் 5 அன்று புரூஸின் இரண்டாம் மனைவிக்கு டேவிட் பிறந்தான். ராபர்ட் ஒரு படி கீழே இறங்கினார். மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன், அக்கா மகனைவிட எட்டு வயது இளையவன். அந்த மாமனுக்குப் பிள்ளை பிறக்கும்வரை இவர்தான் அடுத்த வாரிசு. பிள்ளை பிறந்துவிட்டால் இவர் ஒரு பெரிய நிலக்கிழார், அவ்வளவுதான். இந்த நிலையில் ஒரு மனிதர் 47 வருடம் வாழ்ந்தார். அந்த உறவில் பாசம் எவ்வளவு இருந்திருக்கும், சந்தேகம் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசிக்காமல் நெவில்ஸ் கிராஸைப் புரிந்துகொள்ள முடியாது.

ஒருமுறை திருப்பிக் கொடுத்தார்

தந்தை வால்டர் 1327இல் இறந்தார், இரண்டு வருடத்தில் தாத்தா புரூஸும் போனார். 11 வயதில் ஸ்டீவர்ட் ஆன ராபர்ட், 17 வயதில் ஹாலிடன் ஹில் போரில் நின்றார். 1333 ஜூலை 19. ஆங்கிலேய வில்லாளிகள் மேட்டின் மேலே, ஸ்காட்லாந்துப் படை சதுப்பைக் கடந்து மேலே ஏற வேண்டியிருந்தது. நாட்டின் பெரிய தலைகள் பலர் ஒரே நாளில் செத்தார்கள். வரிசை வரிசையாக மனிதர்கள் அம்பில் சரிவதை அந்த வயதில் அவர் பார்த்திருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 13 வருடம் கழித்து இது திரும்ப வரும்.

அதன் பிறகு, ஸ்காட்லாந்து அரியணைக்கு உரிமை கோரிய எட்வர்ட் பாலியோல் ஆங்கிலேயர் துணையோடு அரசர் என்று வந்து உட்கார்ந்தார். ஸ்டீவர்டின் நிலங்கள் எல்லாம் வேறு ஒருவருக்குத் தாரை வார்க்கப்பட்டன. ராபர்ட் பியூட் தீவில் பதுங்கியிருந்து, படகில் டம்பார்ட்டன் கோட்டைக்குத் தப்பினார். சிறுவன் டேவிட்டும் அவனுடைய மனைவி ஜோனும் அங்கேதான் இருந்தார்கள். 1334இல் அவர்களைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள். ராபர்ட் போகவில்லை. கேம்பல் குலத்தாரின் உதவியோடு டனூன் கோட்டையைப் பிடித்தார். பியூட் தீவுக் குடியானவர்கள் கையில் கிடைத்த கற்களையே ஆயுதமாக்கி, பாலியோலின் அதிகாரியை வீழ்த்தினார்கள். அந்தச் சாதாரண மனிதர்கள் எழுந்தது அவருடைய பெயரைச் சொல்லித்தான். இதைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும்.

1338இல் ஆண்ட்ரூ மரே இறந்தபின் ராபர்ட் நாட்டின் காவலர், அதாவது அரசர் இல்லாதபோது நாட்டை ஆள்பவர் ஆனார், 22 வயதில். 1339இல் பெர்த் நகரத்தை முற்றுகையிட்டு மீட்டார். 1341 வசந்தத்தில் எடின்பரோ கோட்டையும் திரும்பக் கிடைத்தது. அந்த ஜூனில் 17 வயது டேவிட் பிரான்சிலிருந்து வந்து இறங்கினான். ராபர்ட் நாட்டை அவனிடம் ஒப்படைத்தார்.

அவர் ஒப்படைத்ததை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஐரோப்பாவின் அரச குடும்பங்களில், சிறுவன் அரசனாக இருக்கையில் காவலராக இருந்த உறவினர்கள் என்னென்ன செய்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இவர் அடுத்த வாரிசு, கையில் படை இருந்தது, எதிரே நின்றது ஏழு வருடமாக நாட்டிலேயே இல்லாத ஒரு பையன். ஓடினார் என்று இவரைச் சொல்கிறவர்கள் இந்த 1341ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த மேடு

1346 ஆகஸ்டில் கிரெசியில் பிரெஞ்சுப் படை நொறுங்கியது. பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப் உதவி கேட்க, டேவிட் படை திரட்டி இங்கிலாந்துக்குள் இறங்கினார். ஆங்கிலேயப் பட்டாளம் எல்லாம் பிரான்சில் கிடக்கிறது, வடக்கில் எதிர்க்க ஆள் இருக்காது என்பது அவர் எண்ணம். ஆனால் யார்க் பேராயரும், பெர்சி, நெவில் குடும்பத்தாரும் அதற்குள் ஒரு படையைச் சேர்த்துவிட்டார்கள். ஸ்காட்லாந்துப் படை மூன்று பிரிவாக நின்றது. ஒன்றில் மொரே பகுதியின் பிரபுவும் லிட்ஸ்டேல் டக்ளஸும், நடுவில் அரசர், மூன்றாவதில் ராபர்ட்டும், மார்ச் என்ற எல்லைப் பகுதியின் பிரபு பேட்ரிக்கும்.

நிலம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. வேலிகளும் பள்ளங்களும் குறுக்கே கிடந்தன. அம்புகள் விழத் தொடங்கியதும் முதல் பிரிவு முன்னேறிப்போய், அந்தப் பள்ளங்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு சிதறியது. மொரே பிரபு இறந்தார். மிஞ்சியவர்கள் அரசரின் பிரிவுக்குள் வந்து முட்டிக்கொண்டார்கள். டேவிட் விடாமல் நின்று போராடினார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்புத் துண்டு முகத்தில் தைத்த பின்பும் அவர் சண்டையை விடவில்லை. கடைசியில் தன்னைப் பிடித்த ஜான் கூப்லண்ட் என்பவனின் பற்கள் இரண்டைத் தட்டிவிட்டுத்தான் பிடிபட்டார். மூன்றாவது பிரிவு அந்நேரம் ஏறக்குறைய முழுதாக வடக்கு நோக்கிப் போய்விட்டது. ராபர்ட்டும் பேட்ரிக்கும் நடனத்தைத் தொடங்கிவைத்துவிட்டு, டேவிட்டைத் தனியே ஆடவிட்டுப் போனார்கள் என்று வடக்கு இங்கிலாந்துத் துறவி ஒருவர் கேலியாக எழுதிவைத்தார். 600 வருடத்துக்கு மேலாக அந்தக் கேலியே தீர்ப்பாக நிற்கிறது.

நான் அந்த இடத்தில் ராபர்ட் கண்டதை எண்ணிப் பார்க்கிறேன். முன்னால் இருந்த பிரிவு உடைந்துவிட்டது. அரசரின் பிரிவு நெருக்கப்பட்டு, ஆயுதம் வீசக்கூட இடமில்லாமல் திணறுகிறது. வில்லாளிகள் எதிரே. இது 17 வயதில் அவர் பார்த்த அதே ஹாலிடன் ஹில். தன் ஆட்களை உள்ளே செலுத்தினால் அரசரை மீட்கலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே போனால் மூன்றாவது பிரிவும் அதே பள்ளத்தில் முடிந்திருக்கும் என்றே படுகிறது.

இன்னொரு விஷயம் இருக்கிறது, என் மனதை உண்மையில் மாற்றியது அதுதான். அன்று டேவிட்டுக்குப் பிள்ளை கிடையாது. அவருக்கு அடுத்தது ராபர்ட். ராபர்ட்டுக்குப் பிள்ளைகள் நிறைய, ஆனால் எலிசபெத் மியூரோடு அவருக்கு நடந்த திருமணம், திருச்சபை விலக்கிய நெருங்கிய உறவுக்குள் நடந்தது. அந்தப் பிள்ளைகளைச் சட்டப்படியான வாரிசுகளாக்கும் திருத்தந்தையின் அனுமதி 1347 நவம்பரில்தான் வந்தது. போர் நடந்து ஒரு வருடத்துக்கும் மேலே ஆன பிறகு! அக்டோபர் 17 அன்று ராபர்ட்டும் அந்த மேட்டில் விழுந்திருந்தால், அரசர் சிறையில், அடுத்த வாரிசு பிணமாக, அதற்கடுத்த தலைமுறை சட்டத்தின் கண்ணில் செல்லாததாக இருந்திருக்கும். எட்வர்ட் பாலியோல் உயிரோடு, உரிமை கோரிக்கொண்டு எல்லையில் காத்திருந்தார். புரூஸ் பட்ட பாடெல்லாம் ஒரே பிற்பகலில் கரைந்துபோயிருக்கும்.

இதை நண்பரிடம் சொன்னபோது, "அம்பு விழுகிற நேரத்தில் ஒருத்தன் வாரிசுச் சட்டத்தையா யோசிப்பான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மற்றவர்கள் யோசிக்க மாட்டார்கள். ஆனால் 2 வயதிலிருந்து நாடாளுமன்றச் சட்டத்தில் பெயர் எழுதப்பட்டவர், அந்த யோசனை இல்லாமல் ஒரு நாளாவது எழுந்திருப்பாரா? பயமும் இருந்திருக்கும், மாமன் மேல் மனக்கசப்பும் இருந்திருக்கும், தன் உயிர் தன் குடும்பத்துக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கும் இருந்திருக்கும். எல்லாம் கலந்துதான் ஒரு மனிதர் குதிரையைத் திருப்புகிறார். அதில் பயத்தை மட்டும் பிரித்தெடுத்து அவருக்குப் பெயராக வைப்பது அநியாயம்.

11 வருடம்

டேவிட் லண்டன் கோட்டைக்குப் போனார், பிறகு ஒடிஹாம் கோட்டை. 1357 வரை கைதி. ராபர்ட் மறுபடி நாட்டின் பொறுப்பை ஏற்றார். தெற்கு மாவட்டங்கள் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டன, 1350 வாக்கில் கொள்ளைநோய் வேறு வந்தது. ஆனாலும் நடு, வடக்குப் பகுதிகள் நிலைத்தன. அவர் அழைத்துவந்த அந்தப் படைப்பிரிவு இல்லாமல் அது முடிந்திருக்காது.

அவர் மேல் குற்றமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 1352இல் டேவிட் ஒரு திட்டத்தோடு தற்காலிகமாக ஊர் வந்தார். தனக்குப் பிள்ளை இல்லாவிட்டால் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் இளைய மகன் ஒருவன் ஸ்காட்லாந்து வாரிசாகட்டும், பதிலுக்குத் தனக்கு விடுதலை. நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. ராபர்ட்டுக்கு அதில் சொந்த லாபம் இருந்தது உண்மை, நாட்டின் நலனும் அதே பக்கம்தான் இருந்தது. சரி. ஆனால் 1354இல் நியூகாசிலில் 90,000 மார்க் (அன்றைய பணக் கணக்கு) மீட்புப் பணத்துக்குப் பேச்சு முடிந்திருந்தது. அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றாமல், 1355இல் பிரெஞ்சுப் பொன்னை வாங்கிக்கொண்டு, அப்போது ஆங்கிலேயர் வசம் இருந்த பெரிக் நகரத்தின் மேல் பாய்ந்தார்கள். 1356 பிப்ரவரியில் மூன்றாம் எட்வர்ட் நேரே வந்து லோதியன் பகுதி முழுவதையும் எரித்தார். ஹாடிங்டன் சாம்பலானது. வீடிழந்த குடியானவர்கள் அந்தக் குளிர்காலத்தை 'எரிந்த கேண்டில்மஸ்' என்றே நினைவில் வைத்தார்கள் (கேண்டில்மஸ் பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் கிறிஸ்தவத் திருநாள்). கடைசியில் 1357 அக்டோபரில் பெரிக்கில் கையெழுத்தானபோது மீட்புப் பணம் 100,000 மார்க் ஆகியிருந்தது.

ராபர்ட்டைக் குற்றம் சாட்ட வேண்டுமென்றால் நான் இங்கேதான் சாட்டுவேன். நாட்டின் காவலர் அவர். அரசரைச் சீக்கிரம் மீட்க வழி இருந்தபோது அதை நழுவவிட்டதற்கும், லோதியன் எரிந்ததற்கும் அவருக்குப் பங்குண்டு. நெவில்ஸ் கிராஸைப் பற்றி அத்தனை பேர் எழுதுகிறார்கள், இதைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்று எனக்குக் கோபமே வருகிறது. போர்க்களத்தில் பிரபுவுக்கு ஏற்படும் மானக்கேடு நூற்றாண்டுகள் தாண்டி நிற்கிறது, குடியானவன் வைக்கோல் எரிந்தது நிற்பதில்லை.

ஒப்பந்தப்படி 23 பிணையாட்கள் இங்கிலாந்து போக வேண்டியிருந்தது. அதில் ராபர்ட்டின் மூத்த மகன் ஜானும் ஒருவன். நாடு இரண்டாம் முறையாக டேவிட் கைக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு

திரும்பி வந்த டேவிட் திறமையான, கடுமையான அரசராக இருந்தார். ஆனால் 1360க்குப் பிறகு மீட்புப் பணத் தவணையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைத் தன் ஆட்களுக்குச் செலவிட்டார், பிணையாட்கள் அங்கேயே கிடந்தார்கள். 1363இல் டக்ளஸ், மார்ச் பிரபுக்களோடு ராபர்ட்டும் கிளர்ந்தெழுந்தார். டேவிட் வேகமாக அடக்கிவிட்டார். மே 14 அன்று இன்ச்மர்டாக்கில், மீறினால் வாரிசு உரிமையே போய்விடும் என்ற நிபந்தனையோடு, ராபர்ட் மண்டியிட்டு விசுவாசப் பிரமாணம் செய்தார். அப்போது அவருக்கு 47 வயது. அதே ஆண்டு முடிவதற்குள் டேவிட் லண்டன் போய், தனக்குப் பிள்ளையில்லாமல் போனால் ஆங்கிலேய அரசரே ஸ்காட்லாந்துக்கும் அரசர் என்ற திட்டத்தோடு வந்தார். 1364 மார்ச்சில் ஸ்கோன் நாடாளுமன்றம் அதையும் தள்ளிவிட்டது. 1368இல் ராபர்ட்டையும் அவருடைய மகன் ஒருவனையும் லாக்லெவன் தீவுக் கோட்டையில் அடைத்தார்கள்.

1371 பிப்ரவரி 22 அன்று டேவிட் எடின்பரோ கோட்டையில் திடீரென்று இறந்தார். இரண்டு திருமணம், பிள்ளை இல்லை, மூன்றாவதுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மார்ச் 26 அன்று ஸ்கோனில் 55 வயது ராபர்ட்டுக்கு முடி சூட்டினார்கள். ஸ்டீவர்ட் பட்டம் அரச குடும்பத்துக்குள் சேர்ந்தது அப்போதுதான். இன்றும் பிரிட்டிஷ் பட்டத்து இளவரசருக்கு அது ஒரு பட்டமாக இருக்கிறது.

1385இல் பிரெஞ்சு வீரர்கள் உதவிக்கு வந்தபோது கிழட்டு ராபர்ட்டைப் பார்த்துச் சலித்துப்போனார்கள். சிவந்து கலங்கிய கண்கள், போருக்குப் போவதைவிட வீட்டில் இருப்பதையே விரும்பும் மனிதர் என்று அந்தக் கால வரலாற்றெழுத்தாளர் ஃப்ருவாசார் எழுதுகிறார். 69 வயது, ஹாலிடன் ஹில்லும் நெவில்ஸ் கிராஸும் கண்ட கண்கள் அவை. அதற்கு முந்தைய ஆண்டே பிரபுக்கள் அதிகாரத்தை மூத்த மகன் ஜானிடம் மாற்றியிருந்தார்கள். 1390 ஏப்ரல் 19 அன்று தான் எழுப்பிய டண்டொனால்ட் கோட்டையில் ராபர்ட் இறந்தார். ஸ்டீவர்ட் முன்னோர்கள் எல்லாம் பேஸ்லியில் கிடக்க, இவரை ஸ்கோனில் அடக்கம் செய்தார்கள்.

நான் அவரைப் பற்றிப் படித்ததில் ஒரு வரவுசெலவு விவரம்தான் எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது. அரியணை ஏறியதும், மாமனின் மீட்புப் பணம் இன்னும் பாக்கி இருந்தது. டேவிட் இறந்துவிட்டார், பழைய ஒப்பந்தம், நாட்டுக்குப் பெரிய சுமை. ராபர்ட் அந்தத் தவணையை வருடாவருடம் கட்டினார். 1377இல் மூன்றாம் எட்வர்ட் இறந்த செய்தி வந்த பிறகுதான் நிறுத்தினார். ஆங்கிலேயரோடு உடனே போர் மூளாமல் பார்த்துக்கொள்வது அதன் காரணம், மாமன்மேல் வைத்த பாசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நெவில்ஸ் கிராஸில் டேவிட்டை விட்டுவிட்டுப் போனவர் என்று பேர் வாங்கியவர், டேவிட் செத்து ஆறு வருடம்வரை அவருடைய கடனைக் கட்டிக்கொண்டிருந்தார்.